அயகூச்சோப் போர்க்களம்

தென் அமெரிக்க நாடுகளின் விடுதலை வரலாற்றில் பெரும் போர்கள் பல உண்டு. மைப்பூ, பொயாகா, கரபோபோ, பிச்சிஞ்சா என்னும் பெயர்கள் அக்கண்டத்து மக்களின் நெஞ்சில் இன்றும் வாழ்கின்றன. ஆயினும், முந்நூறு ஆண்டுகளாக வேரூன்றி நின்ற ஸ்பானிய ஆட்சியைச் சாய்த்த போர் எது என்று வினவினால், 1824-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் பெரு நாட்டின் மலைநிலத்தில் நிகழ்ந்த அயகூச்சோப் போர் என்றே விடை வரும். அப்போரைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

போர்க்கதை என்றால் படைகளின் தொகையும், தளபதிகளின் சூழ்ச்சியும், மாண்டோரின் கணக்குமே அதில் மிகுந்திருக்கும். அவற்றை நானும் கூறத்தான் வேண்டும். ஆனால் அயகூச்சோவை எண்ணும்போதெல்லாம் என் மனத்தில் முதலில் எழுவன இரண்டு: போர் தொடங்குமுன் நிகழ்ந்த ஒரு சந்திப்பு, போர் முடிந்தபின் எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கை. வென்றவர் தோற்றவரை எவ்வாறு நடத்தினர் என்பதும் ஒரு போரின் வரலாற்றில் சரிபாதி என்பது என் கருத்து. அந்தப் பாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அயகூச்சோவின் பெருமையும் விளங்கும். அதன் குறையும் விளங்கும்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகக் காண்போம். 1808-ஆம் ஆண்டில் நெப்போலியன் ஸ்பெயினுக்குள் புகுந்து அந்நாட்டு மன்னன் ஏழாம் பெர்டினாண்டைச் சிறைப்படுத்தினான். மன்னனில்லாத நாட்டிற்கு நாங்கள் ஏன் அடங்கியிருக்க வேண்டும் என்ற கேள்வி அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் எழுந்தது. வடக்கே வெனிசுவேலாவில் தோன்றிய சிமோன் பொலிவார், தெற்கே அர்ஜென்டினாவிலிருந்து புறப்பட்ட ஹொசே தெ சான் மார்ட்டின் ஆகிய இருவரும் விடுதலைப் படைகளை நடத்தினர். சான் மார்ட்டின் சிலியை மீட்டுக் கடல்வழியே பெருவில் இறங்கி, 1821-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் லிமா நகரில் பெருவின் விடுதலையை அறிவித்தார். ஆனால் அறிவிப்பு வேறு, விடுதலை வேறு. கடற்கரை மட்டுமே விடுதலை பெற்றது. ஆண்டஸ் மலைநாடு முழுவதும் ஸ்பெயினின் அரசப் பிரதிநிதியான லா செர்னாவின் கையில் இருந்தது. அவர் கூஸ்கோ நகரைத் தலைநகராகக் கொண்டு வலிமை மிக்க படையுடன் வீற்றிருந்தார். சான் மார்ட்டின் 1822-இல் விலகிச் செல்ல, மறு ஆண்டு செப்டம்பரில் பொலிவார் பெருவிற்கு வந்து சேர்ந்தார்.

இந்நிலையில் அரச படையினரிடையே பிளவு தோன்றியது. ஸ்பெயினில் அரசியல் சட்டத்தை நீக்கி மீண்டும் தனியாட்சி நிறுவினான் பெர்டினாண்ட். அச்செய்தியைக் கேட்ட ஒலான்யேதா என்னும் தளபதி, லா செர்னா சட்டவாதியாதலால் அவருக்கு இனி அடங்க வேண்டியதில்லை என்று கூறி, மேல் பெருவில் தனித்து நின்றான். அவனை அடக்க லா செர்னா தம் சிறந்த தளபதி வால்தெஸை அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியைப் பயன்படுத்திப் பொலிவார் மலையேறினார். 1824 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஹூனின் சமவெளியில் இரு குதிரைப்படைகள் மோதின. ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல், ஈட்டியாலும் வாளாலுமே நடந்த அச்சண்டையில் விடுதலைப் படை வென்றது. ஆனால் அதன்பின் பொலிவார் படைத்தலைமையை விட்டு நீங்க நேர்ந்தது. கொலம்பியச் சட்டமன்றம் அவருக்கு அளித்திருந்த தனி அதிகாரங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே படையை நடத்தும் பொறுப்பு அந்தோனியோ ஹொசே தெ சூக்ரேயிடம் வந்தது.

சூக்ரே அப்பொழுது இருபத்தொன்பது வயதினர். வெனிசுவேலாவின் குமானா நகரில் 1795-இல் பிறந்தவர். இளமையிலேயே போர்க்கோலம் பூண்டவர். அவருடைய நாட்டில் விடுதலைப்போர் மிகக் கொடியதாக நடந்தது. 1813-ஆம் ஆண்டு த்ருஹில்யோ என்னும் ஊரில் பொலிவார் 'சாவு வரை போர்' என்னும் ஆணையைப் பிறப்பித்தார். விடுதலைக்கு உதவாத ஸ்பானியர் குற்றமற்றவராயினும் உயிர் தப்ப இயலாது என்பது அதன் கருத்து. எதிர்த்தரப்பின் கொடுமையும் அதற்குக் குறைந்ததன்று. 1814-இல் போவெஸ் என்பவனின் படை குமானா நகருக்குள் புகுந்து மக்களைக் கொன்று குவித்தபோது, சூக்ரேயின் குடும்பத்தினரும் பலர் மாண்டனர். பழிவாங்கும் எண்ணம் ஒருவர் உள்ளத்தில் வளர்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

ஆனால் ஆறு ஆண்டுகள் கழித்து, 1820 நவம்பரில், அதே த்ருஹில்யோவில் வேறொரு பத்திரம் எழுதப்பட்டது. கைதிகளைக் கொல்லலாகாது, காயமுற்றோரை எத்தரப்பினராயினும் பேண வேண்டும், மாண்டோரை மரியாதையுடன் அடக்கம் செய்ய வேண்டும் என்று இரு தரப்பினரும் ஒப்புக்கொண்ட போர்நெறி உடன்படிக்கை அது. விடுதலைத் தரப்பின் சார்பில் அதை வரைந்தவர்களுள் தலையாயவர் சூக்ரே. உற்றாரைப் பலிகொடுத்த ஒருவரின் கையே அந்த எழுதுகோலைப் பிடித்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அயகூச்சோவில் நடந்ததை அறிய இதுவே திறவுகோல்.

இனிப் போர்க்களத்திற்குச் செல்வோம். 1824 அக்டோபரில் லா செர்னா கூஸ்கோவிலிருந்து புறப்பட்டார். சூக்ரேயின் படையைச் சுற்றிவந்து அதன் பின்வழியை அடைப்பது அவர் திட்டம். ஆழ்ந்த பள்ளத்தாக்குகளின் இரு கரைகளிலும் இரு படைகளும் ஒன்றையொன்று பார்த்தவாறே பல நாட்கள் நடந்தன. டிசம்பர் 3-ஆம் நாள் கொர்ப்பாவாய்க்கோ என்னும் பள்ளத்தாக்கைக் கடக்கும்போது, வால்தெஸின் படை சூக்ரேயின் பின்னணியைத் தாக்கியது. விடுதலைப் படை முந்நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களையும், தன்னிடம் இருந்த இரு பீரங்கிகளுள் ஒன்றையும் இழந்தது. எஞ்சியது ஒரே ஒரு பீரங்கி.

ஆனால் அரச படையின் நிலையும் நன்றாக இல்லை. அதில் ஸ்பெயினில் பிறந்தவர் ஒரு சிறு பகுதியினரே. பெரும்பாலோர் மலையூர்களிலிருந்து கட்டாயமாகப் பிடித்துவரப்பட்ட பூர்வகுடி மக்கள். அவர்களை ஊர்ப்பக்கம் விட்டால் ஓடிவிடுவார்கள் என்று அஞ்சி, அதிகாரிகள் ஊர்களை ஒதுக்கியே படையை நடத்தினர். ஊர்களை ஒதுக்கியதால் உணவும் கிடைக்கவில்லை. இறுதி நாட்களில் பொதி சுமந்த விலங்குகளின் இறைச்சியைத் தின்னும் நிலை அவர்களுக்கு வந்தது. ஆகவே லா செர்னா காத்திருக்க இயலாதவரானார். உயர்ந்த மலையைப் பிடித்துக்கொண்டும் அதிலிருந்து இறங்கித் தாக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்பட்டது.

அந்த மலையின் பெயர் கொண்டோர்குங்கா. கொண்டோர் என்பது ஆண்டஸ் மலையில் வாழும் பெரிய கழுகு. கெச்சுவா மொழியில் அப்பெயருக்குக் 'கொண்டோரின் கழுத்து' என்பது பொருள். அதன் அடிவாரத்தில், கடல் மட்டத்திற்குமேல் மூவாயிரத்து முந்நூறு மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், கீனுவா என்னும் சிற்றூரை அடுத்து ஒரு சிறு சமவெளி உண்டு. அதன் இருபுறமும் பள்ளங்கள். அயகூச்சோ என்னும் சொல்லுக்கே 'இறந்தோரின் மூலை' என்று பொருள் கூறுவர். டிசம்பர் 8-ஆம் நாள் மாலையில் மலைமேல் லா செர்னாவின் ஒன்பதாயிரத்திற்கு மேற்பட்ட படையினரும், சமவெளியில் சூக்ரேயின் ஏறத்தாழ ஆறாயிரம் வீரர்களும் நின்றனர். எதிரிகள் இருளில் இறங்கிவிடாதபடி, சூக்ரே தம் வீரர் சிலரை இசைக்குழுக்களுடன் மலையடிக்கு அனுப்பினார். வாத்தியம் முழங்க, துப்பாக்கிகள் வெடித்த வண்ணம் இருந்தன. மேலே இருந்தவர்கள் கீழே பெரும்படை நெருங்கி நிற்கிறது என்று எண்ணி அசையாதிருந்தனர்.

பொழுது விடிந்தது. ஏறத்தாழ எட்டு மணிக்கு அரச படைத் தளபதி மொனெட் மலையிலிருந்து இறங்கி வந்து, விடுதலைப் படைத் தளபதி கொர்தோவாவை அழைத்தார். "இரு படைகளிலும் உறவினரும் நண்பரும் எதிரெதிராக நிற்கின்றனர். போர் தொடங்குமுன் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேச இசைவீரா?" என்பது அவர் கேட்டதன் சாரம். கொர்தோவா சூக்ரேயிடம் அனுமதி பெற்று வந்தார். இரு தரப்பிலிருந்தும் பல அதிகாரிகள் வாளைக் கழற்றி வைத்துவிட்டு நடுவெளிக்கு வந்தனர். தழுவிக்கொண்டனர், வீட்டுச் செய்திகளைக் கேட்டுக்கொண்டனர்.

அவர்களுள் தூர் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர் இருந்தனர். அண்ணன் அரச படையில் உயர்ந்த பதவி வகித்தவர். தம்பி விடுதலைப் படையில் அதிகாரி. தம்பியைக் கண்டதும் அண்ணன் அவரைக் கடிந்து பேசினாராம். தம்பி மறுமொழி கூறி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாராம். உடனே அண்ணன் ஓடிச்சென்று தம்பியைத் தழுவிக்கொள்ள, இருவரும் கண்ணீர் விட்டனராம். குருக்ஷேத்திரக் களத்தில் அர்ச்சுனன் கண்ட காட்சியே ஆண்டஸ் மலையடியிலும் அன்று தோன்றியது. அங்குப் போலவே இங்கும் போர் நிற்கவில்லை. ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்து அனைவரும் தத்தம் படைக்குத் திரும்பினர்.

முற்பகலில் அரச படை மலைச்சரிவில் இறங்கத் தொடங்கியது. வலப்பக்கத்தில் வால்தெஸ், நடுவில் மொனெட், இடப்பக்கத்தில் வில்யாலோபோஸ். எதிரே சூக்ரேயின் இடப்பக்கத்தில் லா மாரின் பெருவிய வீரர்கள், வலப்பக்கத்தில் கொர்தோவாவின் கொலம்பியர், நடுவில் ஆங்கிலேயரான மில்லரின் குதிரைப்படை, பின்னே லாராவின் துணைப்படை. வால்தெஸின் தாக்குதல் கடுமையாக இருந்தது. லா மாரின் அணி பின்வாங்கியது. அதே நேரத்தில் மறுபக்கத்தில் ஒரு பிழை நிகழ்ந்தது. வால்தெஸின் தாக்குதல் முற்றுப்பெறும் வரை காத்திருக்க வேண்டிய ரூபின் தெ செலிஸ் என்னும் அதிகாரி, பொறுமையிழந்து தம் படைப்பிரிவுடன் முன்னதாகவே சமவெளியில் பாய்ந்தார். அவர் அங்கேயே மாண்டார். அவர் படை சிதறியது.

இதுவே தருணம் என்று உணர்ந்த சூக்ரே, கொர்தோவாவை முன்னேறச் சொன்னார். கொர்தோவாவுக்கு வயது இருபத்தைந்து. குதிரையிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றி உயர்த்தி, "வெற்றியாளரின் நடையில் செல்லுங்கள்!" என்று அவர் கட்டளையிட்டதாக வரலாறு கூறும். அவ்வணி வில்யாலோபோஸின் படையை உடைத்தது. இன்னும் முழுமையாக அணிவகுத்திராத மொனெட்டின் படையையும் பள்ளத்தருகே சிதறடித்தது. பொதியிலிருந்து இறக்கப்படாத பீரங்கிகள் பல அப்படியே பிடிபட்டன. தப்பியோடும் வீரர்களைத் தடுத்து நிறுத்த முயன்ற அரசப் பிரதிநிதி லா செர்னா பல காயங்களுடன் சிறைப்பட்டார். இடப்பக்கத்தில் லாராவின் வீரர்களும் மில்லரின் குதிரைகளும் வந்துசேர, வால்தெஸும் தோற்றார். பிற்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விடுதலைப் படையில் மாண்டவர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர்; காயமுற்றோர் அறுநூறு பேர். அரச படையில் ஆயிரத்து எண்ணூறு பேர் மாண்டதாகச் சூக்ரேயின் அறிக்கை கூறுகிறது.

காயமுற்ற லா செர்னா கீனுவா ஊரின் ஒரு மண்குடிசையில் வைக்கப்பட்டிருந்தார். நரைத்த தலைமயிரில் குருதி படிந்திருக்க, அவர் சுவரில் சாய்ந்து ஒரு பலகையில் அமர்ந்திருந்தார். அவரைக் காணச் சென்ற மில்லர், தம்மிடமிருந்த தேயிலையைக் கொண்டு தேநீர் தயாரித்து அவருக்கு அளித்தார். காலையில் ஒருவர் படையை ஒருவர் அழிக்க நின்றவர்கள் அவர்கள்.

அரச படையின் அடுத்த தலைவரான கான்ட்டெராக் சூக்ரேயிடம் பேச வந்தார். தோற்ற படைக்குப் போக்கிடமில்லை. மலைமேல் எஞ்சியவர்களை அடியோடு அழித்திருக்கலாம். அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றிருக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்த போராயிருந்தால் அதுவே நடந்திருக்கும். ஆனால் சூக்ரே வேறு வகையான உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். பெருவில் ஸ்பெயினின் படையிடம் உள்ள நிலமும் கோட்டைகளும் அனைத்தும் ஒப்படைக்கப்பட வேண்டும். ஆனால் ஸ்பெயினுக்குத் திரும்ப விரும்பும் எவருக்கும் பெரு அரசே கப்பற்செலவை அளிக்கும். புறப்படும் வரை பாதிச் சம்பளமும் அளிக்கும். இங்கேயே தங்க விரும்புவோர் தம் பழைய பதவியிலேயே பெரு நாட்டுப் படையில் சேரலாம். முன்னர் மன்னன் பக்கம் நின்றதற்காக எவரும் துன்புறுத்தப்படமாட்டார். பதினான்கு ஆண்டுகள் பெருவில் வெற்றி கண்டிருந்த வீரர்களுக்குச் சில மரியாதைகளை அளிப்பதே அமெரிக்கப் பெருந்தன்மைக்கு அழகு என்று சூக்ரே தம் அறிக்கையில் குறித்தார்.

இந்த உடன்படிக்கை இரக்கத்தால் மட்டும் பிறந்ததன்று, அறிவாலும் பிறந்தது. கூஸ்கோவிலும் பிற ஊர்களிலும் இன்னும் அரச படைகள் இருந்தன. மானத்துடன் வீடு திரும்ப வழியிருப்பதை அறிந்ததால் அவற்றுள் பெரும்பாலானவை மேலும் குருதி சிந்தாமல் பணிந்தன. இதற்கு மாறாக, காயாவோ கோட்டையில் இருந்த ரோதில் என்னும் தளபதி உடன்படிக்கையை ஏற்க மறுத்து 1826 ஜனவரி வரை முற்றுகையைத் தாங்கி நின்றார். அங்குப் பசியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். ஏற்ற இடத்திற்கும் மறுத்த இடத்திற்கும் உள்ள வேறுபாடு இது.

ஆனால் இக்கதையை இவ்வளவில் முடித்தால் நான் உண்மையில் ஒரு பகுதியை மறைத்தவனாவேன். அயகூச்சோவின் கருணைக்கும் ஓர் எல்லை இருந்தது. போர்க்களத்திற்கு வடக்கே வாந்தா என்னும் பகுதி உள்ளது. அதன் மலையூர்களில் வாழ்ந்த பூர்வகுடி உழவர்கள் மன்னன் பக்கம் நின்று விடுதலைப் படைக்குத் தொல்லை தந்தவர்கள். மன்னன் பக்கம் நின்றதற்காக எவரையும் தண்டிப்பதில்லை என்னும் வாக்குறுதியின் மை உலருமுன்பே, அவ்வுழவர்கள் மீது பெருந்தொகை அபராதமாக விதிக்கப்பட்டது. விதித்தவரும் சூக்ரேயே. ஸ்பானிய அதிகாரிக்குப் பாதிச் சம்பளமும் கப்பற்செலவும் கிடைத்தன. மலையுழவனுக்குத் தண்டமே கிடைத்தது. அம்மக்கள் புதிய குடியரசை எதிர்த்து 1825 முதல் 1828 வரை கிளர்ச்சி செய்தனர். அவர்களுடைய தலைவன் அந்தோனியோ வாச்சாக்கா என்னும் மலைவாசி. அவர்களை அறியாமை மிக்கவர் என்று பழைய நூல்கள் கூறிவந்தன. ஆனால் வென்றவர் வந்து முதலில் கேட்டது வரிப்பணமே என்னும்போது, விடுதலை என்னும் சொல் அவர்கள் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கிறேன்.

பூர்வகுடி மக்கள் ஸ்பானிய மன்னனுக்குத் தலைவரி செலுத்தி வந்தனர். சான் மார்ட்டின் 1821-இல் அதை நீக்கினார். ஆனால் 1826-இல் குடியரசே வேறொரு பெயரில் அதைத் திரும்பக் கொணர்ந்தது. கருவூலம் வறண்டிருந்தது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். இரு படைகளிலும் அதிகமாக மடிந்தவர்கள் அம்மக்கள். போர் முடிந்தபின் அதன் செலவைத் தாங்கியவர்களும் அவர்களே.

வென்ற தலைவர்களின் முடிவும் எண்ணத்தக்கது. கொர்தோவா பொலிவாரை எதிர்த்துக் கிளர்ந்து 1829-இல் தோற்று, காயமுற்றுக் கிடந்த நிலையில் வெட்டிக் கொல்லப்பட்டார். லா மார் பெருவின் தலைவராகிப் பின் நாடு கடத்தப்பட்டு, 1830-இல் கோஸ்டா ரிக்காவில் உயிர் நீத்தார். சூக்ரே பொலிவியாவின் தலைவரானார். 1828-இல் அங்கு நிகழ்ந்த படைக் கலகத்தில் கையில் குண்டு பாய்ந்து, பதவி துறந்து வெளியேறினார். 1830 ஜூன் 4-ஆம் நாள் பெருயெக்கோஸ் மலைக்காட்டு வழியில் மறைந்திருந்தவர்களால் சுடப்பட்டு மாண்டார். வயது முப்பத்தைந்து. அவரால் உயிர் பெற்ற லா செர்னாவும் கான்ட்டெராக்கும் வால்தெஸும் ஸ்பெயின் சேர்ந்தனர். பகைவரை மன்னிக்க அறிந்த தலைமுறை, தம்முள் மாறுபட்டவரை மன்னிக்க அறியாமற் போயிற்று.

ஆயினும் அயகூச்சோவில் விதைக்கப்பட்டது வீண்போகவில்லை. அன்றைய போரில் காயமுற்ற இளம் அதிகாரிகளுள் ரமோன் காஸ்தில்யா என்பவர் ஒருவர். இளமையில் மன்னனின் படையில் இருந்து, சிலியில் சிறைப்பட்டு, பின் விடுதலைப் பக்கம் வந்தவர். பழைய பகைவனையும் ஏற்றுக்கொள்ளும் மனம் விடுதலையாளரிடம் இல்லாதிருந்தால் அவர் வரலாற்றில் இடம்பெற்றிருக்க மாட்டார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1854 ஜூலை 5-ஆம் நாள், அதே அயகூச்சோ நகரில் இருந்து, பூர்வகுடி மக்களின் தலைவரியை நீக்கும் ஆணையில் காஸ்தில்யா கையொப்பமிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் அடிமை முறையையும் ஒழித்தார். 1824-இல் படையதிகாரிகளோடு நின்றுவிட்ட உடன்படிக்கைக்கு விடுபட்ட ஒரு பிரிவை அவர் பின்னர் எழுதிச் சேர்த்தார் என்றே நான் இதைக் கருதுகிறேன்.

இன்று கீனுவாச் சமவெளியில் நாற்பத்து நான்கு மீட்டர் உயரமுள்ள வெண்ணிற நினைவுத்தூண் நிற்கிறது. போரின் நூற்றைம்பதாவது ஆண்டான 1974-இல் அது எழுப்பப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் தென் அமெரிக்க நாடுகள் சிலவும் பனாமாவும் கூடி, தமக்குள் படைக்கலப் போட்டியைக் குறைத்துக்கொள்வோம் என்று அயகூச்சோவின் பெயரால் ஓர் அறிக்கையை வெளியிட்டன. வெற்றி விழாவை அவ்வாறு கொண்டாடியது பொருத்தமே. காலையில் வாளைக் கழற்றி வைத்துத் தழுவிக்கொண்டவர்கள் அன்றைப் போரை நிறுத்த இயலவில்லை. ஆனால் மாலையில் கைதியாக நின்ற உறவினனை உயிருடன் வீட்டிற்கு அனுப்ப அவர்களால் இயன்றது. அயகூச்சோ தந்த விடுதலையில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது அதுவே.